ஹெரால்டு கூரைக்கு ஜிகினா பெயிண்ட்: வீட்டுலயே அடிக்க முடியுமா?

வேளச்சேரி_ஹெரால்டு (கேள்வி)

வணக்கம். நம்மகிட்ட 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்னு இருக்கு. மார்க் 3, நாலு கதவு, நம்ம வண்டலூர்ல செஞ்ச வண்டி. மாமனார் ஓட்டினது. அவர் போனப்புறம் ஒம்பது வருஷம் தார்ப்பாய்க்குள்ளயே கிடந்துச்சு. போன வருஷம் வெளிய இழுத்து இன்ஜின், பிரேக், வயரிங் எல்லாம் முடிச்சாச்சு. கதவுக்கு அடியில அரிச்சுப்போன இடத்தையெல்லாம் டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வச்சுட்டார். கூரையில மட்டும் பழைய பெயிண்ட் அப்படியே இருக்கு. எத்தனை தடவை மேல மேல அடிச்சாங்களோ, ஒரு ஓரத்துல சுரண்டினா கிரீம், அடியில பச்சை, அதுக்கும் அடியில மறுபடி கிரீம்.

உடம்பு பழையபடி கிரீம்தான், அதைப் பெயின்டர்கிட்ட விட்டுடுவேன். கூரைக்கு மட்டும் மெட்டல் ஃபிளேக் அடிக்கணும்னு ஆசை. இப்ப வர்ற கார்ல இருக்கே அந்த மெட்டாலிக் இல்லைங்க. ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தனியாத் தெரிஞ்சு, நடக்க நடக்க மின்னுமே, அது. பெயின்டர்கிட்ட சொன்னேன். "ஏன் சார், சாமி ஊர்வலத்துக்கு விடப் போறீங்களா?"ன்னு கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை.

அதனால நானே அடிக்கலாம்னு இருக்கேன். வீட்டுப் பின்னாடி தகரக் கூரை போட்ட ஷெட்டு இருக்கு. 2 ஹெச்பி கம்ப்ரஸர், 50 லிட்டர் டேங்க். ஸ்ப்ரே கன்னு 1.4 மில்லிமீட்டர் நாசில். இதுக்கு முன்னாடி வீட்டு கேட்டும் ஒரு பீரோவும் அடிச்சிருக்கேன், அவ்வளவுதான் அனுபவம். ஃபேன்ஸி ஸ்டோர்ல பாக்கெட்ல விக்கிற ஜிகினாவையே கிளியர்ல (நிறமில்லாத மேல்பூச்சு) கலக்கலாமா? பழைய பெயிண்டைச் சுத்தமா உரிக்கணுமா, தேச்சுட்டு மேலயே அடிக்கலாமா? வேற என்ன தெரிஞ்சுக்கணும்?

டபுள்கிளட்ச்

முதல்ல ஆர்சியை எடுத்து அதுல நிறம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. நிறம் மாத்தினா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லிப் பதிஞ்சுக்கணும். கூரைதானேன்னு விட்டுட்டு எஃப்சிக்குப் போய் நின்னவங்க நிலைமை எனக்குத் தெரியும். 2021-ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை 'விஏ' சீரிஸ்ல வின்டேஜ்னு பதியலாம். அதுக்கு வண்டி பழைய உருவத்துலயே இருக்கணும். அப்படி ஏதும் எண்ணம் இருந்தா விசாரிச்சுட்டு கன்னைத் தொடுங்க.

என் சொந்தக் கருத்து: ஃபிளேக்குங்கறது 1960-கள்ல கலிஃபோர்னியா கஸ்டம் காருக்கும், மணல்ல ஓட்டற ஃபைபர் பாடி பக்கி வண்டிக்கும், படகுக்கும் வந்த ஃபேஷன். மீன்வால் ஃபின்னோட பதினெட்டு அடி நீளத்துக்கு நிக்கிற அமெரிக்க வண்டிக்கு அது பொருந்தும். ஹெரால்டு அடக்கமான பொண்ணு மாதிரி வண்டி. அதுக்கு எதுக்கு ஜிகினா ரவிக்கை? வண்டி உங்களது, சொல்லிட்டேன்.

கோவை_பட்டறை

டபுள்கிளட்ச் ஆர்சி பத்திச் சொன்னது சரிங்க. ரவிக்கை விஷயத்துல நான் கட்சி மாறிக்கறேன். நான் முதல்ல ஒரு யெஸ்டி பைக் டேங்கு, அப்புறம் என் பத்மினி காரோட கூரைன்னு ரெண்டு தடவை வீட்டுலயே அடிச்சவன். டேங்கை ரெண்டு வாட்டி அடிக்க வேண்டி வந்துச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

பாக்கெட் ஜிகினா வேண்டாங்க. இது சும்மா சொல்றதில்லை, நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஒரு கண்ணாடி பாட்டில்ல ரெண்டு விரல் 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பெயிண்டு) தின்னர் ஊத்தி, ஒரு ஸ்பூன் ஜிகினா போட்டு, மூடி வச்சுட்டுத் தூங்குங்க. நான் ஃபேன்ஸி ஸ்டோர் சிவப்பைப் போட்டேன். காலையில தின்னர் ரோஸ் மில்க் மாதிரி ஆயிருச்சு, ஜிகினா வெள்ளியா அடியில கிடந்துச்சு. ஃபிளேக்குன்னா மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம்ல அலுமினியம் படிய வச்சு, அதுக்கு மேல சாயம் ஏத்தி, அறுகோணமா வெட்டினது. வண்டிக்குன்னு விக்கிறதுல அந்தச் சாயம் தின்னருக்குத் தாங்கும். கைவேலை ஜிகினாவுல தாங்குமான்னு உத்தரவாதம் இல்லை. நம்ம வெயிலுக்கு வெள்ளி இல்லைன்னா வெளிர்தங்கம் எடுங்க. சிவப்பு, ஊதா எல்லாம் பாக்க ஜோர், ஆனா வெளுத்துச்சுன்னா முதல்ல கூரைதான் வெளுக்கும்.

சைஸ் அங்குலக் கணக்குல சொல்லுவாங்க. 0.004-ன்னா 0.1 மில்லி, 0.008-ன்னா 0.2 மில்லி, 0.015-ன்னா கிட்டத்தட்ட 0.4 மில்லி. முதல் தடவைக்கு 0.008 போதும். அதுவே நாலடி தள்ளி நின்னா கண்ணைப் பறிக்கும். 0.015 அடிச்சீங்கன்னா அதை மூடறதுக்குக் கிளியர் ஊத்தி ஊத்தியே ஓய்ஞ்சு போவீங்க.

1.4 நாசில் அடைச்சுக்கும். 1.8 இல்லை 2.0 இருக்கிற மலிவான கன்னு ஒன்னு தனியா வாங்கி, இதுக்குன்னே ஒதுக்கி வையுங்க. அந்தக் கன்னுல அப்புறம் வேற பெயிண்டு ஊத்தாதீங்க, எத்தனை கழுவினாலும் ஒரு துகள் எங்கிருந்தாவது வரும். கப்புக்குள்ள இருக்கிற சல்லடையைக் கழட்டிடுங்க. கப்புல ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னாடி மணி ஆட்டற மாதிரி ஆட்டிக்கணும். ஃபிளேக்கு கனம், அடியில போய் உக்காந்துக்கும். ஆட்டாம அடிச்சா முதல்ல எல்லாம் ஃபிளேக்கா வரும், கடைசியில வெறும் கிளியர் வரும், கூரை வரிவரியா நிக்கும்.

இப்போ பழைய பெயிண்டு. வெள்ளைத் துணியில என்சி (நைட்ரோசெல்லுலோஸ்ங்கற பழைய வகை பெயிண்டு) தின்னர் நனைச்சு ஓரத்துல அரை நிமிஷம் அழுத்துங்க. பெயிண்டு கரைஞ்சு துணியில ஏறினா அது என்சி. அந்தக் காலத்து வண்டிக்குத் திரும்பத் திரும்ப அதைத்தானே அடிச்சாங்க. அது மேல 2கே ஏத்தினா, அடியில இருக்கிறது ஊறிச் சுருங்கி, ஆறின பால் ஆடை மாதிரி ஆயிரும். அதுவும் மூணு அடுக்கு இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. தகடு தெரியற வரைக்கும் உரிச்சுடுங்க, யோசிக்கவே வேண்டாம். உரிச்ச அன்னைக்கே எபாக்ஸி பிரைமர். சென்னைக் காத்துல ஒரு ராத்திரி விட்டாலே தகடு சிவந்துரும். அப்புறம் பட்டி, சர்ஃபேஸர், 600 வாட்டர் பேப்பர். கூரையைச் சுத்தி மழைத்தண்ணி ஓடற காடியை மறந்துறாதீங்க, ஹெரால்டுல துரு அங்கேயும் ஒளிஞ்சிருக்கும்.

சர்ஃபேஸருக்கு மேல அடிநிறம். வெள்ளி ஃபிளேக்குக்கு வெள்ளி பேஸ், தங்கத்துக்குத் தங்கம். சாம்பல் பிரைமர் மேலயே அடிச்சா அது மறையற அளவுக்கு ஃபிளேக்கு கொட்டணும். பேஸ் அதே நிறமா இருந்தா, நடுவுல விட்டுப்போன இடம் கண்ணை உறுத்தாது. பாதித் தப்பை பேஸே மறைச்சுரும்.

நான் ஒரு லிட்டர் கிளியருக்கு 100 கிராம் ஃபிளேக்கு கலந்தேன். கன்னுல 30 பிஎஸ்ஐக்குக் கீழ வச்சுக்கங்க. காத்து அதிகமா இருந்தா ஃபிளேக்கு படுக்காம நட்டுக்கிட்டு நிக்கும். ஒரு இழுப்பு மேல அடுத்த இழுப்பு முக்கால் பங்கு ஏறணும். முதல் கோட்டு நீளவாக்குல, பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்தது குறுக்குவாக்குல. ஒரே கோட்டுல மூடிரலாம்னு நினைக்காதீங்க. நீங்க கூரையை மட்டும் எடுத்தது நல்ல புத்தி. படுத்திருக்கிற தகட்டுல ஃபிளேக்கு விழுந்த இடத்துலயே கிடக்கும். கதவுல அடிச்சா, கிளியர் வழியும்போது ஃபிளேக்கையும் இழுத்துக்கிட்டு இறங்கும். உங்க 2 ஹெச்பி கம்ப்ரஸர் அந்தக் கன்னுக்கு மூச்சு வாங்கும், ஆனா கூரை ஒன்னுதானே, நடுவுல நின்னு டேங்கு நிரம்பினப்புறம் அடிங்க. டேங்குக்கு அடியில இருக்கிற வால்வைத் திறந்து தண்ணியை வடிச்சுட்டு ஆரம்பிங்க, லைன்ல தண்ணியைப் பிடிச்சு நிறுத்தற வாட்டர் டிராப்பும் வேணும்.

இனிமேதான் அசல் வேலைங்க. ஃபிளேக்கு அடிக்கறது அரை மணி நேரம், அதைப் புதைக்கறது ஒரு வாரம். காஞ்சப்புறம் கையை வச்சுப் பாத்தா உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஒரு கோட்டு கிளியர் காஞ்சா 25, 30 மைக்ரான்தான் நிக்கும். ஃபிளேக்கு ஒன்னு மேல ஒன்னு சாஞ்சு கிடக்கிற மேடு அதைவிடப் பெருசு. ஃபிளேக்கு அடிச்ச அன்னைக்கே ரெண்டு கோட்டு கிளியர் போட்டு நிறுத்துங்க. ஆசைப்பட்டு அஞ்சு கோட்டு ஒரே நாள்ல ஏத்தினா உள்ள மாட்டிக்கிட்ட தின்னர் ஊசி ஊசியா ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். ரெண்டு நாள் காய விட்டு, கட்டை வச்சு 600-ல லேசாத் தேச்சு, மறுபடி ரெண்டு மூணு கோட்டு. எனக்குப் பத்மினியில மொத்தம் ஆறு கோட்டு ஆச்சு. கடைசியில 1500, 2000, 3000, அப்புறம் காம்பவுண்டு.

யெஸ்டி டேங்கு கதை இங்கதான் வருது. முதல் சுத்து கிளியர் காஞ்சதும் ஆர்வக்கோளாறுல 400 பேப்பரைப் போட்டுத் தேச்சேன். தேய்க்கும்போது வர்ற தண்ணி மோர் மாதிரி வெள்ளையா வந்துக்கிட்டு இருந்துச்சு. அது கிளியர் தேயுதுன்னு அர்த்தம். பொண்டாட்டி காப்பி கொண்டாந்தாங்க, பேசிக்கிட்டே தேச்சேன். குனிஞ்சு பாத்தா மோர்ல மினுக்கு மிதக்குது. துடைச்சா, தங்கமா இருந்த டேங்குல உள்ளங்கை அகலத்துக்கு வெறும் அலுமினியம். ஃபிளேக்கோட தலையை வெட்டினா மேல இருந்த சாயம் போயிரும், அடியில வெள்ளிதான். அது மேல எத்தனை கிளியர் அடிச்சாலும் தங்கம் திரும்பி வராது. மொத்தத்தையும் உரிச்சு மறுபடி முதல்லேர்ந்து. தண்ணியையே பாத்துக்கிட்டு தேய்ங்க. ஒரு மினுக்கு தெரிஞ்சாலும் கையை எடுத்துட்டு அடுத்த கோட்டு கிளியருக்குப் போங்க. வெள்ளி ஃபிளேக்குல இந்தத் தப்பு அவ்வளவாத் தெரியாது, முதல் தடவைக்கு அதை எடுக்கச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

முக்கியமானதை விட்டுட்டேன். 2கே கிளியரோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. அது ஆஸ்துமா கொண்டாந்துரும், ஒரு தடவை உடம்பு அதுக்கு ஒவ்வாம போயிருச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். துணி கட்டிக்கிட்டு அடிக்கிற பெயின்டர்களைப் பாத்துட்டு நாமும் அப்படிச் செய்யக் கூடாது. கரி மாஸ்க்கை நம்பறதுலயும் சிக்கல் இருக்கு. கரி தீர்ந்துபோனா மத்த தின்னருக்கு வாசனை வந்து காட்டிக் குடுக்கும், இதுக்கு அப்படி வாசனையே தெரியாது. எங்க ஃபவுண்டரியில ஷாட் பிளாஸ்டிங் ஆளுங்க போடற காத்துக்குழாய் மாஸ்க்கை வாங்கிக்கிட்டு வந்து, மூச்சுக்காத்துக்குத் தனி ஃபில்டரோட, அதைப் போட்டுத்தான் அடிச்சேன். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணு மூடி. வீட்டுல எல்லாரையும் அன்னைக்கு மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஷெட்டுக்குப் பக்கத்துல அடுப்பு, எண்ணெய் விளக்கு, சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் எதுவும் ஓடக் கூடாது. பக்கத்து வீடு ஒட்டி இருக்கா? இருந்தா, இல்லை அந்த மாஸ்க் கிடைக்கலைன்னா, உங்க கன்னு, உங்க கைதான், ஆனா அந்த மாஸ்க்கையும் வச்சிருந்து வாடகைக்கு விடற பெயிண்டு பூத்துல போய் அடிங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒன்னுமில்லை.

சாயங்காலம் அடிக்காதீங்க. நான் லைட்டுப் போட்டுக்கிட்டு அடிச்ச அன்னைக்கு மத்தியானம் மழை பேஞ்சிருந்துச்சு. ஈசல் வந்து உக்காந்துச்சு பாருங்க, இன்னமும் பத்மினி கூரையில பின்கண்ணாடிப் பக்கம் ஒரு ரெக்கை கிளியருக்குள்ள பத்திரமா இருக்கு.

மைனர்_யாழ்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட வீட்டில மொறிஸ் மைனர் ஒண்டு நிக்குது, அப்பா சண்டைக் காலத்தில மண்ணெண்ணெய் விட்டு ஓட்டின கார். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அந்தப் புகையெல்லாம் கண்ட காருக்கு ஜிகினா அடிச்சா என்ன எண்டு நானும் டாஷ்போட்டுக்கு மட்டும் அடிச்சனான்.

கோவை அண்ணை சொல்லாத ஒண்டு, மாஸ்கிங், அதாவது அடிக்கக் கூடாத இடத்தை ரேப் (டேப்) ஒட்டி மறைக்கிறது. ஃபிளேக் அடிச்ச இடத்தில ரேப்பைக் காஞ்சாப் பிறகு இழுத்தா, விளிம்பு எலி கடிச்ச மாதிரி வரும். கடைசி ஃபிளேக் கோட்டுக்கு அரை மணித்தியாலத்துக்குள்ள, இன்னும் பச்சையா இருக்கேக்க, ரேப்பை மடிச்சுத் தனக்கு மேலாலயே மெல்ல இழுக்கோணும். பிறகு கிளியருக்குப் புது ரேப் ஒட்டேக்க, அந்த விளிம்புக்கு ஒரு நூல் வெளியால ஒட்டுங்கோ. கிளியர் விளிம்பை மூடி நிக்கும், ஃபிளேக் உரிஞ்சு வராது. கூரை எண்டா இந்தக் கரைச்சல் குறைவு, காடிக்குள்ள கோட்டை ஒளிச்சுப்போடலாம்.

மற்றது, காரை முழுக்கப் பொலித்தீனால மூடுங்கோ. கண்ணாடி, சீற், எஞ்சின் எல்லாம். நான் பாதிதான் மூடினனான். இப்பவும் ஹோன் அடிச்சா ஸ்ரியறிங்குக்குள்ள இருந்து ஒரு மினுக்கம் விழும்.

முதலில ஒரு பழைய ஹெல்மெற்றில அடிச்சுப் பாருங்கோ. வளைவான சாமான், உங்கட கையிழுப்பில இருக்கிற பிழையெல்லாம் அதில தெரிஞ்சிடும்.

வேளச்சேரி_ஹெரால்டு

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

பாட்டில் சோதனை பண்ணினேன். பாக்கெட் ஜிகினா நீலம் வாங்கிப் போட்டேன், விடிஞ்சதும் தின்னர் சொட்டு நீலம் மாதிரி இருந்துச்சு. வெள்ளி 0.008 ஃபிளேக் ஆர்டர் பண்ணிட்டேன். துணி சோதனையும் ஆச்சு, கூரை சந்தேகமில்லாம என்சிதான். மூணு அடுக்கும் துணியில ஏறிடுச்சு. உரிச்சு எபாக்ஸி அடிச்சாச்சு. காடிக்குள்ள, பின்கண்ணாடி மூலையில, விரல் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. கோவை அண்ணன் வாய்ல சர்க்கரை போடறதா, என்ன போடறதுன்னு தெரியலை.

தெரிஞ்ச ஒருத்தரோட பூத்துல ஹெல்மெட்டை அடிச்சேன். நட்டு போட்டேன், ஆட்டினேன். அப்படியும் முன்பக்கம் வரிக்குதிரை மாதிரி ரெண்டு கோடு. என்ன தப்பு? டபுள்கிளட்ச் சார், ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டேன், முதல்ல மனு குடுக்கச் சொன்னாங்க. குடுத்திருக்கேன்.

கோவை_பட்டறை

ஹெல்மெட்டைச் சுத்தி வரும்போது மணிக்கட்டை வளைச்சிருப்பீங்க. கன்னு தகட்டுக்கு நேரா நிக்கணும். சாய்ஞ்சா ஒரு ஓரம் கிட்ட, ஒரு ஓரம் தூரம். கிட்ட இருக்கிற பக்கம் குமிஞ்சு கோடு விழும். கூரைக்கும் இதே பிரச்சினை வரும், நடுக்கூரைக்குக் கை எட்டாம கன்னைச் சாய்ப்பீங்க. ரெண்டு பக்கமும் ஸ்டூலை முன்னாடியே போட்டு, வெறும் கன்னோட ஒரு தடவை நடந்து பழகிட்டு அடிங்க. கன்னுல இருந்து விசிறி மாதிரி வர்ற ஸ்ப்ரேயோட அகலத்தையும் கொஞ்சம் கூட்டுங்க. ஹெல்மெட்டை உரிக்க வேண்டாம், காஞ்சிருந்தா லேசாத் தேச்சுட்டு, கிளியர்ல ஃபிளேக்கைப் பாதியாக் குறைச்சுத் தள்ளி நின்னு ஒரு கோட்டு விடுங்க, மறைஞ்சிரும்.

அந்த ஓட்டைக்குப் பட்டியை அடைச்சு வைக்காதீங்க. தகடு வச்சுப் பத்த வையுங்க.

வேளச்சேரி_ஹெரால்டு

மறைஞ்சிடுச்சு! மாமியார் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அவர் இருந்திருந்தா திட்டியிருப்பார்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "வண்டிக்கும் இதே கலரா?"ன்னு கேட்டாங்க.

ஐப்பசி மழை ஆரம்பிச்சாச்சு, ஷெட்டுல முழங்கால் வரைக்கும் இல்லைன்னாலும் கணுக்கால் வரைக்கும் தண்ணி. தகடு பத்த வச்சு, பிரைமரோட மூடி வச்சிருக்கேன். கூரை தை பொறந்தப்புறம், பனி விலகினதும் பத்து மணிக்கு மேல. டபுள்கிளட்ச் சார், அன்னைக்கு வந்து திட்டறதா இருந்தாலும் வாங்க, டீ உண்டு.

டபுள்கிளட்ச்

வர்றேன். அடிக்கறதுக்கு முன்னாடி தூசி துடைக்கிற மெழுகுத் துணி நான் கொண்டாறேன், நீங்க எப்படியும் மறந்திருப்பீங்க.